உயர்வலு போல்ட்டைக் கையால் இறுக்குவதும் கழற்றுவதும்

எஃகுக் கட்டுமானத்தில் போல்ட்டை இறுக்குவது என்றால், நட் இனி அசையாது என்னும் வரை சுற்றுவதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். உயர்வலு போல்ட்டில் நாம் உண்மையில் செய்வது அதன் தண்டை ஸ்பிரிங்கைப் போல இழுத்து நீட்டி வைப்பதுதான். சுருங்க முயலும் தண்டு தகடுகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வே வழுக்கக் கூடாத இணைப்புகளைத் தாங்குகிறது. அமெரிக்கத் தர வகையான ஏ325-இல், 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம்20 போல்ட்டில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச இழுவிசை 142 கிலோநியூட்டன், அதாவது பதினான்கு டன்னுக்கும் மேல்.

இதைக் கையால் வரவழைக்க ஏறத்தாழ 570 நியூட்டன் மீட்டர் முறுக்கு தேவை. ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 58 கிலோ எடை தொங்குவதற்கு அது சமம் என்பதால், கால் ஊன்றி நிற்க இடமிருந்தால் ஒருவரால் முடியும். எம்24 என்றால் அது நூறு கிலோவைத் தொட்டுவிடும். அங்கே கையின் முறுக்கைப் பற்சக்கரங்களால் பெருக்கித் தரும் டார்க் மல்டிப்ளையர்தான் சரி. ஸ்பேனரில் பைப்பைச் செருகி நீட்டிக்கொள்வதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை, ஏனெனில் வாய் விரிந்து ஸ்பேனர் நழுவும்போது உயரத்தில் நிற்பவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

முறுக்கை அளந்து காட்டும் ஸ்பேனரான டார்க் ரெஞ்ச் தரும் எண்ணையும் நான் முழுதாக நம்புவதில்லை. கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், நாற்பது சதவீதம் மரையின் (திருகு வரிகளின்) உராய்விலும் போய்விடுகிறது; தண்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். கொஞ்சம் துருவோ மண்ணோ மரையில் ஏறினால் எண் அப்படியே இருக்க, இழுவிசை மட்டும் சரிந்துவிடும். அதனால்தான் நட்டைக் குறிப்பிட்ட கோணம் சுற்றும் முறை எனக்குப் பிடிக்கும்.

முதலில், ஒருவர் சாதாரண ஸ்பேனரைத் தன் முழுப் பலத்தோடு இழுத்து, தகடுகள் நன்றாக ஒட்டும் வரை எல்லா போல்ட்டுகளையும் இறுக்க வேண்டும். இணைப்பின் விறைப்பான பகுதியில் தொடங்கி விளிம்புகளை நோக்கிப் போக வேண்டும். பக்கத்து போல்ட்டை இறுக்கும்போது முன்னது தளரும் என்பதால் இன்னொரு சுற்றும் வர வேண்டியிருக்கும். பிறகு போல்ட் நுனி, நட், தகடு மூன்றையும் கடந்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, தலையை வேறொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். போல்ட்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல நான்கு மடங்கு வரை என்றால் மூன்றில் ஒரு சுற்று, எட்டு மடங்கு வரை அரைச் சுற்று, பன்னிரண்டு வரை மூன்றில் இரண்டு சுற்று. நுனியில் உள்ள கோடும் நட்டோடு சேர்ந்து நகர்ந்திருந்தால் தலை சுழன்றிருக்கிறது என்று பொருள்; அந்தச் சுற்று கணக்கில் வராது.

கழற்றும் வேலை சுமையைப் பார்ப்பதில் தொடங்குகிறது, ஸ்பேனரில் அல்ல. உறுப்பைக் கிரேனோ முட்டோ தாங்கிய பிறகே கை வைக்க வேண்டும். துருப்பிடித்த மரைக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, சம்மட்டியால் தட்டும் ரிங் ஸ்பேனரைப் போட்டு அடித்தால், ‘டக்’கென்ற சத்தத்தோடு நட் விடும். ஒரே போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவது நல்லது. நட் வந்தும் போல்ட் வெளியே வரவில்லை என்றால் தகடுகளின் சுமை அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. நுனியில் சம்மட்டி போடுவதற்கு முன் உறுப்பை ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

கழற்றியதை மறுபடி போடலாமா என்பதற்கு அமெரிக்க விதி தெளிவாக இருக்கிறது: ஏ325-ஐ விட வலுவான ஏ490 வகையும் துத்தநாக முலாம் பூசிய ஏ325 வகையும் கூடாது, முலாம் இல்லாத ஏ325 பொறியாளர் அனுமதித்தால் கூடும். மரை நீண்டுவிட்டதா என்று அறிய, நட்டை விரலால் மரை முழுவதும் ஓட்டிப் பார்ப்பார்கள். நடுவில் சிக்கினால் போல்ட் பழைய இரும்புக்குத்தான். பக்கத்து போல்ட்டை இறுக்கியதால் சற்றுத் தளர்ந்ததை மீண்டும் இறுக்குவது மறுபயன்பாடாகக் கருதப்படுவதில்லை.