ரூட் பண்ணலாமா?

ஹட்டனில் போன் திருத்தும் கடை வைத்திருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ரூட் என்றால் ஆண்ட்ராய்டு போனின் சிஸ்டத்தில் எதையும் மாற்றும் முழு அதிகாரத்தை எடுத்துக்கொள்வது. "அண்ணே, ரூட் பண்ணித் தாங்களேன்" என்று வரும் தம்பிமாரிடம் நான் முதலில் கேட்பது, இதில் பேங்க் ஆப் இருக்கிறதா என்றுதான்.

இருந்தால் யோசியுங்கள். ரூட் பண்ண முதலில் பூட்லோடரை, அதாவது போனை ஆன் செய்ததும் சிஸ்டத்தை ஏற்றும் பூட்டிய புரோகிராமைத் திறக்க வேண்டும். அதைத் திறந்தாலே போனில் உள்ள படம், மெசேஜ் எல்லாம் அழிந்துவிடும். திருடன் கைக்குப் போனாலும் உள்ளே இருப்பது கிடைக்கக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அப்புறம், போனின் சிஸ்டம் மாற்றப்படாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை. அதில் தேறாத போனில் பல வங்கி ஆப்கள் திறக்காது. ரூட் பண்ண உதவும் மேஜிஸ்க் என்ற கருவியைப் போட்டு மறைக்கலாம்தான், எத்தனை நாளைக்கு? சாம்சங்கில், சிஸ்டத்தை மாற்றியதைக் குறித்துவைக்கும் நாக்ஸ் ஃபியூஸ் ஒருமுறை போனால் போனதுதான், கம்பெனி சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றினாலும் மீளாது. கொழும்பிலிருக்கும் பிள்ளை அனுப்பும் காசை அந்தப் போனில்தான் பார்ப்பீர்கள் என்றால் நான் கை வைக்க மாட்டேன்.

சும்மா கிடக்கும் பழைய போன் என்றால் சரி, கொண்டுவாருங்கள். கம்பெனி அப்டேட்டை நிறுத்திய பல மாடல்களுக்கு லீனேஜ்ஓஎஸ் என்ற இலவச ஆண்ட்ராய்டு சிஸ்டம் இருக்கிறது. 2016இல் அதே மாதிரியான சயனோஜென்மொட் என்ற சிஸ்டம் நின்றபோது அதிலிருந்து கிளைத்தது. அதைப் போட பூட்லோடர் திறந்தால் போதும், ரூட் தேவையே இல்லை. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள்.

வீட்டிலேயே செய்வதானால், மழை பிடித்த நாளில் வேண்டாம். பாதியில் கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் அணைந்தால் போன் எழும்பாமலே போகலாம்.