கொசு உள்ளான் வந்தாச்சு

செப்டம்பர் 22

விடியற்காலை நாலரைக்கு டெல்லி மயூர் விஹாரிலிருந்து கிளம்பி, அப்பாவும் நானும் நஜஃப்கர் ஏரிக்கரைக்குப் போனோம். சேறு இன்னும் பளபளவென்று இருக்கிறது. சேற்றில் மேயும் குட்டி வலசைப் பறவைகளான கொசு உள்ளான்கள் வந்துவிட்டன! எண்ணியதில் 34.

ஒன்று பத்தடிக்குள் வந்து மேய்ந்தது. சிட்டுக்குருவி அளவுதான். கறுத்த கால்கள் ஓடி ஓடி நிற்க, அலகு தையல் மெஷின் ஊசி போலச் சேற்றில் இறங்கி ஏறியது. முதுகில் இரண்டு வெள்ளைக் கோடுகள் 'வி' போலச் சேர்ந்திருந்தன. இறகு ஓரங்கள் கொஞ்சமும் தேயவில்லை. இந்த வருஷக் குஞ்சு!

செப்டம்பர் 23

"தாயும் கூட வந்திருக்குமா?" என்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா கேட்டார்.

இல்லை. பெரியவை ஜூலை, ஆகஸ்டிலேயே கிளம்பிவிடும். குஞ்சுகள் பின்னால்தான் புறப்படும், பார்த்தேயிராத ஊர்களை நோக்கி. சைபீரியாவின் வடகோடியிலிருந்து இங்கே வருவதற்கான திசை, பிறக்கும்போதே அதற்குள் இருக்கிறது.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "பதினெட்டு வயசுல நான் ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல தனியா வந்தேன். எனக்காவது கரோல் பாக்ல அத்தை வீடு இருந்துது."

செப்டம்பர் 29

உள்ளான் பிறக்கும் அந்த வடகோடி நிலமான தூந்திரா எப்படி இருக்கும் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மண்ணுக்கடியில் வருஷம் முழுக்க உறைந்த நிலம். மரம் வேர்விட முடியாது. அங்கே வில்லோ என்ற மரவகைகூடத் தரையோடு தரையாகப் படரும். கோடையில் மேல்மண் மட்டும் இளகும். தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் குட்டை குட்டையாகத் தேங்க, கொசுவும் ஈயும் கோடிக்கணக்கில் பெருகும். சூரியன் வாரக்கணக்கில் மறையாது. அந்த அவசரத்துக்குள் உள்ளான் தரையில் நாலு முட்டை இட்டு அடைகாக்கும். குஞ்சு பொரிந்து, இறகு உலர்ந்ததுமே எழுந்து நடந்து தானே பூச்சி பிடிக்கும். ஊட்டிவிட ஆள் கிடையாது.

அக்டோபர் 6

லெம்மிங் என்று ஒரு குட்டைவால் எலி தூந்திராவில் உண்டு. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பெருகும், அப்புறம் சட்டென்று சரியும். எலி நிறைய இருந்தால் ஆர்க்டிக் நரிக்கு வயிறு நிறைந்துவிடும். எலி குறைந்த வருஷத்தில் அதே நரி பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்னும். அந்தக் குளிர்காலத்தில் தெற்கே வரும் வளைமூக்கு உள்ளான் (கொசு உள்ளானின் உறவுப் பறவை) குஞ்சுகள் குறைந்துபோகும். பெயர்கூடத் தெரியாத ஓர் எலி நம் ஊர்ச் சேற்றில் யார் மேயலாம் என்பதைத் தீர்மானிக்கிறது! இதை நினைத்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை.

டிசம்பர் 15

பனிமூட்டம் விலக ஒன்பதரை ஆனது. 50-க்கு மேல் இருந்தன. எல்லாம் இறகு மாற்றிச் சாம்பல் நிறமாகிவிட்டன. எது பெரியது, எது தனியே வந்த குஞ்சு என்று என் கண்ணுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அப்பா குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பைனாகுலரை இறக்காமல், முதுகில் கோடு போட்டதைத் தேடிக்கொண்டே இருந்தார்.