நாலு பொட்டி, ஒரு பொட்டி, ரெண்டு பொட்டி

2019 நவம்பர் கடைசியில் ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. மேல்விஷாரத்தில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவந்த தோல் கம்பெனியில் அந்த வாரம் முழுக்க லெட்டர்பேடு பற்றித்தான் பேச்சு. அலமாரியில் 'வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று அச்சடித்தது ஒரு கட்டு, 'வேலூர் மாவட்டம்' ஒரு கட்டு. மூன்றாவது இனிமேல்தான் அச்சுக்குப் போகவேண்டும். மிஞ்சியதையெல்லாம் பின்பக்கம் கணக்குப் போட எடுத்து வைத்துக்கொண்டார் கணக்கு அக்கா.

மாடிப்படிக்கு அடியில் இருந்த சர்வரின் பெயரும் 'வடாற்காடு-1'தான். மாவட்டம் மாறியபோதெல்லாம் அதன் பெயரை மாற்றும் துணிச்சல் எனக்கு முன்னால் இருந்தவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. பதினெட்டு கம்ப்யூட்டருக்கும் லாகின் கொடுக்கும் மெஷின் அது; டொமைன் கன்ட்ரோலர் என்பார்கள். அதில் ஓடிய விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-வுக்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவு நிற்கப்போகிறது. முதலாளி பாயிடம் பணம் கேட்கப் போக எனக்கு அது நல்ல சாக்கு.

அதன் பக்கத்தில் இன்னும் மூன்று பெட்டிகள். ஒன்றில் டாலி கணக்கு மென்பொருளும் பொதுக் கோப்புகளும். ஒன்றில் கைரேகை வருகைப்பதிவு. நான்காவது ஒரு கிழட்டு விண்டோஸ் எக்ஸ்பி மெஷின். எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில். சுண்ணாம்புக் குழிப் பக்கமிருந்து காற்றடித்தால் அந்த மூலைக்கு நேராக வரும். தோல் பதப்படுத்தும் இடத்தில் சல்ஃபைடும் அமிலமும் சேர்ந்தால் கிளம்பும் அழுகிய முட்டை வாடை செம்பையும் வெள்ளியையும் கருக்கிவிடும். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே செம்பு தெரிந்த இடமெல்லாம் தோசைக்கல் மாதிரி இருந்தது.

நாலு பெட்டியையும் எடுத்துவிட்டு நல்ல சர்வர் ஒன்று. அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு நாலையும் விர்ச்சுவல் மெஷின்களாக (விஎம்), அதாவது ஒரே பெட்டிக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் மாதிரி, ஓட்டுவது. இதுதான் என் திட்டம். அதே வேலையைச் செய்யும் விஎம்வேரின் இலவச இஎஸ்எக்ஸ்ஐ-யும் அப்போது கிடைத்தது. ஆனால் இலவசப் பதிப்பில் பேக்கப் மென்பொருள்கள் உள்ளே நுழையமுடியாதபடி கதவை அடைத்து வைத்திருந்தார்கள். பேக்கப் எடுக்க விடாத சர்வர் எனக்கு எதற்கு என்று ஒதுக்கினேன். 2024 பிப்ரவரியில், விஎம்வேரை வாங்கிய பிராட்காம் அந்த இலவசப் பதிப்பையே நிறுத்தியபோது கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

கணக்கு சுலபமாக வந்தது. டொமைனுக்கு 4 ஜிபி ராம், டாலிக்கும் கோப்புகளுக்கும் 16, வருகைப்பதிவுக்கு 4, எக்ஸ்பிக்கு 1 ஜிபியே தாராளம். இவற்றைச் சுமக்கும் ஹோஸ்ட் மெஷினுக்கு ஒதுக்கியது போக 64 ஜிபியில் பாதிக்கு மேல் மிச்சம். எட்டு கோர் பிராசஸர் ஒன்று. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு லைசென்ஸ் குறைந்தது 16 கோருக்கு வாங்கவேண்டும், அதில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம். எனக்கும் விண்டோஸ் சர்வர் இரண்டுதான் தேவை. சர்வரைப் பயன்படுத்த ஆளுக்கொரு சிஏஎல் (CAL) லைசென்ஸ் தனி. சின்ன ஆபீஸ்களில் பலரும் மறந்துவிட்டு பிறகு முழிக்கும் செலவு அது. ஒரே தாளில் அழகாகப் படம் போட்டு, கட்டங்களுக்குக் கலர் அடித்து, பிரிண்ட் எடுத்து வைத்தேன்.

படத்தைக் கெடுத்தது ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்.

எக்ஸ்பி மெஷினில் ஓடியது தோல் அளவுக் கணக்குப் போடும் பழைய விஷுவல் பேசிக் புரோகிராம். எழுதியவர் என்றைக்கோ துபாய் போய்விட்டார். சோர்ஸ் கோடு யாரிடமும் இல்லை. தோலைச் சதுர அடியில் அளந்து, மிச்சத்தைக் கால் சதுர அடிக் கணக்கில் குறிப்பார்கள். பன்னிரண்டே முக்கால் அடித் தோலின்மேல் 12 என்று எழுதி, அதன் தலையில் சின்னதாக ஒரு 3. இந்த 3 மூன்று கால். தசமக் கணக்கில் போட்டால் தப்பு. எக்ஸெல்லில் ஒரு பையன் 12.3 என்று அடித்துக் கூட்டி, ஒரு லோடு முழுக்கக் குளறுபடியானதை அங்கே இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் புரோகிராமில் 12-3 என்று அடித்தால் போதும், கூட்டல் சரியாக வரும். அதனால் அதைத் தூக்கியெறி என்று யாரும் சொல்லவில்லை.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. நெட்வொர்க்கில் விட்டுவைப்பது ஆபத்து. விர்ச்சுவல் மெஷினாக்கி நெட்வொர்க் கார்டே இல்லாமல் தனியாக உட்காரவைத்துவிடலாம், விர்ச்சுவலைசேஷனுக்கு இதைவிட நல்ல நியாயம் கிடையாது என்று நினைத்தேன். க்ளோனசில்லா என்ற மென்பொருளில் டிஸ்கைப் படியெடுத்து ப்ராக்ஸ்மாக்ஸில் ஏற்றினேன். நீலத்திரை, 7பி என்று முடியும் எண். பழைய மதர்போர்டின் டிஸ்க் டிரைவரைத் தேடி, காணாமல் செத்துப்போகிறது. மெர்ஜ்ஐடிஇ என்ற சின்ன ரெஜிஸ்ட்ரி கோப்பைப் பழைய மெஷினிலேயே ஓட்டிவிட்டு மறுபடி படியெடுத்தேன். எழுந்தது. அந்தப் பச்சைப் புல்மேட்டுப் படம் வந்ததும் எனக்கு ஒரு டீ குடிக்கவேண்டும்போல இருந்தது.

டீ குடித்துவிட்டு வந்து பிரிண்ட் கொடுத்தேன். வரவில்லை. வராதுதான். புரோகிராம் எழுதியவர் விண்டோஸ் பிரிண்டர் எதையும் கேட்காமல் நேராக எல்பிடி1-க்கு, அதாவது பழைய பிரிண்டர்களைச் செருகும் பேரலல் போர்ட்டுக்கு, அனுப்பும்படி எழுதியிருந்தார். புது சர்வரில் பேரலல் போர்ட் ஏது? லேசர் பிரிண்டரில் எடுத்துக்கொள்ளலாமா என்று குடோன் அண்ணனிடம் கேட்டேன்.

"சார், மூணு காப்பி வேணும். ஒண்ணு லாரிக்கு, ஒண்ணு கேட்டுக்கு, ஒண்ணு எனக்கு. மூணும் ஒரே அடியில அடிச்சது மாதிரி இருந்தாத்தான் நம்புவாங்க. தனித்தனியா எடுத்தா நடுவுல யார் மாத்துனாங்கன்னு நான் எங்க போய்த் தேடறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கார்பன் காப்பி என்பது அவருக்குப் பூட்டு மாதிரி.

யுஎஸ்பி-பேரலல் கேபிள் ஒன்று வாங்கி, அதை அந்த விஎம்முக்கு மட்டும் திருப்பிவிட்டேன். இப்போது பிரிண்டர் யுஎஸ்பி001 என்ற போர்ட்டில் தெரிகிறது; புரோகிராமோ எல்பிடி1-ஐத்தான் கேட்கிறது. பிரிண்டரை எக்ஸ்பிக்குள்ளேயே ஷேர் செய்து, நெட் யூஸ் கட்டளையில் எல்பிடி1 என்றால் அந்த ஷேர்தான் என்று கட்டிவிடலாம். நெட்வொர்க் கார்டு இல்லாததால் அதுவும் முரண்டு பிடித்தது. கடைசியில் லூப்பேக் அடாப்டர் என்ற பொய் நெட்வொர்க் கார்டு ஒன்றை உள்ளே போட்டதும் ஏமாந்தது. எக்ஸ்பி தன்னோடு தானே பேசி, தன் பிரிண்டரைத் தனக்கே கடன் கொடுத்து அடித்தது. க்ரீச் க்ரீச்சென்று மூன்று காப்பியும் வந்தபோது குடோன் அண்ணன் அடித்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆனால் யுஎஸ்பி கேபிள் ஐந்து மீட்டரைத் தாண்டினால் தகராறு. சர்வரை மாடியில் ஏசி அறையில் வைப்பதாகப் படம் போட்டிருந்தேன். பிரிண்டரோ கீழே குடோன் கவுன்ட்டரை விட்டு நகராது. சர்வர்தான் இறங்கி வந்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன அறையைத் தடுத்து, குழிப்பக்க ஜன்னலை அடைத்து, ஏசி போட்டார்கள். லட்சக்கணக்கில் வாங்கும் சர்வர் எங்கே உட்காரவேண்டும் என்பதைப் பதினைந்து வருடப் பழைய பிரிண்டர் முடிவு செய்தது.

அறை வேலை நடக்கும்போது வந்து பார்த்த கணக்கு அக்கா, "இன்னா தம்பி, நாலு பொட்டி இருந்த எடத்துல ஒண்ணுதான் கீது?" என்றார்.

"நாலும் இதுக்குள்ளதான்க்கா."

"அப்ப இது நின்னா நாலும் நிக்குமா?"

நான் பல டிஸ்கைச் சேர்த்துக் கட்டும் ரெய்டு பற்றிச் சொன்னேன், ஒரு டிஸ்க் போனாலும் ஓடும் என்றேன். இரட்டைப் பவர் சப்ளை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, நின்னா?" என்றார்.

அன்றிரவு வீட்டில் அந்தக் கலர் படத்தைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். மறுநாளிலிருந்து ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்: உங்க வேலை எவ்வளவு நேரம் நின்னா பரவாயில்லை? வருகைப்பதிவு இரண்டு நாள் நின்றாலும் ஒன்றும் ஆகாது, கைரேகைக் கருவியே பதிவுகளைத் தன்னிடம் வைத்திருக்கும். டாலி அரை நாள். ஆனால் ஜிஎஸ்டி கட்டும் 20-ஆம் தேதி என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கோப்புகளுக்கு எல்லோரும் அரை நாள் என்றார்கள், ஷிப்பிங் பார்ப்பவர் மட்டும் கப்பல் தேதியைப் பொறுத்தது என்றார். நான் கடைசி இடம் கொடுத்திருந்த எக்ஸ்பி? "லாரி நிக்கும் சார். கால் மணி நேரம்" என்றார் குடோன் அண்ணன். 1 ஜிபி ராமில் ஒரு மூலையில் கிடக்கும் கிழம்தான் அந்த ஆபீஸில் எல்லாவற்றையும்விட அவசரமானது. என் படத்தில் அதற்குச் சாம்பல் கலர் அடித்திருந்தேன்.

இரண்டாவது மெஷின் ஒன்று வேண்டும் என்று பாயிடம் போனேன்.

"இன்னா தம்பி இது. நாலு பொட்டிய ஒண்ணா ஆக்கறேன்னு சொன்னே. இப்ப ரெண்டு கேக்குறே. நாளைக்கு நாலுன்னு வருவியா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வெளியே டிரம்கள் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "பாய், டிரம் பாதியில நின்னா இன்னா பண்ணுவீங்க?" என்றேன்.

"நிக்க வுடமாட்டேன். உள்ள இருக்கற சரக்கு திட்டுத்திட்டா போயிடும். அதுக்குத்தானே ஜெனரேட்டர்." சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "புதுசு வேணாம். எது போதும்னு சொல்லு."

32 ஜிபி ராமோடு ஒரு சாதாரண டவர் மெஷின். இரவில் எல்லா விஎம்களின் பேக்கப்பும் அதற்குப் போகும். பெரியது விழுந்தால் டாலியும் எக்ஸ்பியும் அதில் எழும். இரண்டாவது டொமைன் கன்ட்ரோலரும் அதில்தான். அதற்குத் தனி லைசென்ஸ் என்றதும் பாய் முகம் சுருங்கியது, ஆனாலும் கையெழுத்துப் போட்டார். வாரம் ஒருமுறை ஒரு ஹார்ட் டிஸ்க் பாய் வீட்டு பீரோவுக்குப் போகும்.

மாற்றிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அங்கே வெள்ளிதான் விடுமுறை, எனக்கும் நிம்மதி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்லவேண்டியது நான் செய்த ஒரு மடத்தனம். டாலியை அப்டேட் செய்யும்முன், தப்பானால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன். அப்டேட் நன்றாக முடிந்தது, ஸ்னாப்ஷாட்டை அழிக்க மறந்துவிட்டேன். ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை அதற்குப் பிறகு மாறுவதெல்லாம் டிஸ்கில் தனி இடம் பிடிக்கும். போதாததற்கு, இருக்கிற இடத்தைவிட அதிகமாக எல்லா விஎம்முக்கும் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தேன். தின் பூல் என்ற பொது டிஸ்க் இடம் அதை அனுமதிக்கும். ஆனால் நிரம்பும்போது ஒருவருக்கு மட்டும் நிரம்பாது. ஒரு மாதம் 20-ஆம் தேதி காலை பதினொன்றரைக்கு நூறு சதவீதம் தொட்டது. ஒவ்வொரு விஎம்மாக மஞ்சள் முக்கோணம் காட்டி உறைந்தது. வேலூரில் இருந்தேன். பைக்கில் போய்ச் சேர்ந்து, ஸ்னாப்ஷாட்டை அழித்து, ஒவ்வொன்றாக எழுப்பியபோது மணி ஒன்று. இரண்டாவது மெஷின் அன்றைக்கு உதவியிருக்கும். ஆனால் அதை எப்படி எழுப்புவது என்று அந்த ஆபீஸில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அக்கா திட்டவில்லை. "நீ வர்ற வரைக்கும் நாங்க இன்னா பண்ணணும்னு எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பூல் எண்பது சதவீதம் தொட்டால் போனுக்குச் செய்தி வரும்படி அன்றே செய்தேன். எழுதிக் கொடுக்கத்தான் நாளானது. ஹோஸ்ட்டின் ஐபி எண், எந்த பட்டன், எந்த வரிசை: முதலில் டொமைன், இரண்டு நிமிடம் கழித்து டாலி, பிறகு மற்றவை. டொமைன் எழாமல் மற்றவை எழுந்தால் பெயர் தேடும் வேலைக்கு ஆளில்லாமல் 'நெட் இல்லை' என்று பதினெட்டுப் பேரும் கூப்பிடுவார்கள். இரண்டு பக்கம் வந்தது. பழைய வடாற்காடு லெட்டர்பேடின் பின்பக்கத்தில் எழுதி, லேமினேட் செய்து கதவில் மாட்டினேன்.

எழுதியது சரியா என்று பார்க்கவும் நாள் கிடைத்தது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தும் நாள். பேப்பரில் முன்கூட்டியே வந்துவிடும். அன்று டிரம்களுக்கு ஜெனரேட்டர் உடனே ஓடும். சர்வர் அறைக்கு மட்டும் வேண்டுமென்றே கொடுக்கமாட்டோம். யுபிஎஸ் இறங்கி, விஎம்கள் வரிசையாகத் தாமாக அணையவேண்டும். அணைந்ததும் ஜெனரேட்டர் இணைப்புக் கொடுத்து, இரண்டாவது மெஷினில் முந்தைய இரவின் பேக்கப்பிலிருந்து எக்ஸ்பியை எழுப்பவேண்டும். மஞ்சள் டேப் சுற்றிய பிரிண்டர் கேபிளைப் பெரியதிலிருந்து பிடுங்கிச் சின்னதில் செருகி, ஒரு அளவுச் சீட்டு அடித்துப் பார்க்கவேண்டும்.

முதல் மூன்று மாதம் நானே நின்று செய்தேன். நான்காவது மாதம் காட்பாடியில் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டேன். போக முடியவில்லை என்று சொல்லப் போனை எடுத்தால், அக்காவிடமிருந்து ஏற்கெனவே ஒரு போட்டோ வந்திருந்தது. கவுன்ட்டர்மேல் மூன்று தாள்கள் வரிசையாக. கடைசித் தாளில் கார்பன் மங்கல்தான், ஆனால் படிக்க முடிந்தது. கீழே ஒரு வரி: "12-3ம் 9-2ம் போட்டுப் பாத்தோம். 22-1 வருது. சரியா?"