கோணலாக இருந்தால் பிள்ளை செய்தது

பள்ளி விழாக்களில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கைவேலை என்று மேசையில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். முப்பது பட்டாம்பூச்சி. முப்பதும் ஒரே அளவு. ஓரத்தில் ஒரு பிசிறு கிடையாது. ஐந்து வயதுக் கை அப்படி வெட்டாது. வெட்டியது டீச்சர், ஒட்டியது வீட்டில் அம்மா, பிள்ளை கடைசியில் வந்து ஒரு பொட்டு வைத்திருக்கும், அவ்வளவுதான். அந்தப் பட்டாம்பூச்சியால் நல்ல பயிற்சி கிடைத்தது டீச்சருடைய விரல்களுக்கு.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காடு என்கிற செம்மணல் காட்டை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிறேன். கைவேலை எங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு ஒதுக்கிய பொழுதுபோக்கு இல்லை. எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் செய்கிற வேலை அதுதான்.

இதில் நான் பிடிவாதமாக மாறியது கொரோனாவுக்குப் பிறகு. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அன்று ஒன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளில் பலர் அங்கன்வாடிக்கும் சரியாகப் போகாதவர்கள். பென்சிலைக் கொடுத்தால் உலக்கை பிடிப்பதைப் போல ஐந்து விரலாலும் சேர்த்துப் பிடித்தார்கள். சிலர் அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது, சிலர் எழுதியது கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு கோட்டு நோட்டில் 'ட' எழுதச் சொன்னால் கொஞ்ச நேரத்தில் கை வலிக்குது டீச்சர் என்று உதறுவார்கள். சோம்பல் என்று திட்டுவது சுலபம். ஆனால் அந்த வலி நிஜமான வலி.

மணிக்கட்டுக்குள் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எலும்பே அல்ல, குருத்தெலும்பு. கைக்குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்தால் அந்த இடம் காலியாகத் தெரியும். முதல் சில மாதங்களில் இரண்டு எலும்புகள் தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று என்று கூடிக்கொண்டே போகும். கடைசி எலும்பு பல பிள்ளைகளுக்கு எட்டு, ஒன்பது வயதுக்குப் பிறகுதான் வருகிறது. ஆக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மணிக்கட்டு இன்னும் கட்டி முடிக்காத வீடு. அதற்குள் குடியேறி, பக்கம் பக்கமாக எழுது என்றால் எப்படி?

எங்கள் வகுப்பில் முதல் பாடம் கிழிப்பது. கையில் ஒரு பழைய நாளிதழ். கிழித்துக் குப்பை போடாதே என்று வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் நிறுத்த மாட்டார்கள். செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராக வரும். குறுக்கே கிழித்தால் தறிகெட்டு ஓடும். தாளில் இழை ஓடுகிற திசை அப்படி. இதை நான் சொல்வதில்லை, அவர்களே கண்டுபிடித்து வந்து என்னிடம் சொல்வார்கள். கிழிக்கும்போது இரண்டு கையிலும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடிக்க வேண்டும், ஒரு கை முன்னால் போக, மறு கை பின்னால் வர வேண்டும். இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்வது இந்த வயதில் பெரிய விஷயம். பிறகு ஒரு துண்டை ஒரே கையால், நெஞ்சிலோ மேசையிலோ அழுத்தாமல், உருண்டையாகக் கசக்க வேண்டும். செய்து பாருங்கள், பெரியவர்களுக்கே உள்ளங்கை கடுக்கும். உருண்டைகளை மைதாப் பசை தொட்டு யானைப் படத்தில் ஒட்டினால் அன்றைய வேலை முடிந்தது. யானை பெரும்பாலும் எருமையாகத்தான் வரும்.

களிமண்ணுக்கு எங்கள் ஊரில் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தேரி மண் சிவப்பு மணல், பிடித்தால் நிற்காது. கோடையில் குளம் வற்றியதும் வயலுக்குக் கரம்பை, அதாவது குளத்து வண்டல் மண், அடிக்கிற டிராக்டர்க்காரரிடம் கேட்டு ஒரு சாக்கு வாங்கி வைத்துவிடுவேன். உடைத்து, ஊற வைத்து, கல்லும் வேரும் பொறுக்கி எடுப்பதிலேயே பிள்ளைகளுக்குப் பாதி வேலை இருக்கிறது. கடையில் விற்கிற கலர் களிமண் எனக்குப் பிடிப்பதில்லை. அது சொன்ன பேச்சைக் கேட்கும், விரல் லேசாகப் பட்டாலே நெளியும். கரம்பை அப்படி இல்லை, எதிர்த்து நிற்கும். தோள்பட்டையிலிருந்து அழுத்தினால்தான் மசியும். விரலுக்குப் பலம் தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும்தான் இறங்கி வருகிறது. தோள் தளர்ந்த பிள்ளை எழுதும்போது மேசையில் சாய்ந்து படுத்துவிடும், கவனித்திருப்பீர்கள்.

மண்ணைப் பாம்பாக உருட்டி, அந்தப் பாம்பை மடக்கினால் 'ட', இன்னொரு மடக்கு மடக்கினால் 'ப'. பாம்பு ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து அறுந்துபோகும். சீராக உருட்ட ஆசைப்பட்டுத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். நோட்டில் அதே எழுத்தை மூன்று முறை எழுதச் சொன்னாலே முகம் சுருங்குகிற பையன், மண்ணில் எத்தனை முறை செய்தாலும் அலுக்க மாட்டான்.

இதில் அடிக்கடி வருகிற புகார் சட்டைதான். ஓர் ஆச்சி நேராக வகுப்புக்கே வந்துவிட்டார்கள். "என்ன டீச்சர், ஏட்டுல ஒரு எழுத்தக் காணோம், சட்டை பூரா சகதியா வாரான். மண்ணு உருட்டவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதோம்?" அந்த ஆச்சி எங்கள் ஊரில் பனையோலைப் பெட்டி முடைவதில் கெட்டிக்காரர். "ஆச்சி, ஓலையில முதல் பெட்டி முடையும்போது உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "பல்லு விழுற வயசு" என்றார்கள். "அந்த வயசுலதான் இவனும் இருக்கான்" என்றேன். ஆச்சி சமாதானம் ஆகவில்லை. சட்டையை யார் துவைப்பது என்ற கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. மறுநாளிலிருந்து கரம்பை வேலைக்கு மட்டும் பழைய சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொள்கிறார்கள்.

கத்தரிக்கோல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பலரும் மெல்லிய தாளைக் கொடுத்து, கோடு போட்டு, இதை வெட்டு என்கிறார்கள். மெல்லிய தாள் தொய்ந்து கத்தரியின் இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கிவிடும், பிள்ளைக்கு எரிச்சல் வரும். தொடங்குவதற்குத் தடித்த அட்டைதான் நல்லது. எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை: கல்யாணப் பத்திரிகை. அதை ஒரு விரல் அகலப் பட்டைகளாக நானே நறுக்கி வைத்துக்கொள்வேன். ஒரே வெட்டில் ஒரு துண்டு விழ வேண்டும், அதுதான் முதல் கட்டம். டக், டக் என்று துண்டு விழுகிற சத்தமே அவர்களுக்குப் பரிசு. அதன் பிறகு நீளமான கோடு, அதில் கத்தரியை முழுக்க மூடாமல் திறந்து மூடித் திறந்து நகர்த்தப் பழக வேண்டும். வளைவு எல்லாவற்றுக்கும் கடைசி. வளைவில் கத்தரி நேராகவே போக, தாளைப் பிடித்த கைதான் திரும்ப வேண்டும். கட்டை விரல் எப்போதும் மேலே, முழங்கை விலாவை ஒட்டி. கட்டை விரல் கீழே போய்விடாமல் இருக்க நகத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்துவிடுவேன். முகம் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று கேட்டால் போதும், கை தானாகத் திரும்பும்.

இடது கைப் பிள்ளைக்கு இது அப்படியே பொருந்தாது, அதைப் பலர் யோசிப்பதில்லை. சாதாரணக் கத்தரி வலது கைக்காரருக்குச் செய்தது. அதை இடது கையில் பிடித்தால் விரல் அழுத்துகிற அழுத்தத்தில் அலகுகள் ஒன்றை ஒன்று உரசாமல் விலகும், தாள் வெட்டுப்படாமல் மடியும், வெட்ட வேண்டிய கோட்டையும் அலகே மறைத்துவிடும். பிள்ளைக்குக் கை வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். இடது கைக் கத்தரி என்று தனியாகவே இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்டால் சிரிக்கிறார்கள், இணையத்தில் வாங்கினேன். வட்டம் வெட்டும்போதும் திசை மாறும்: வலது கைக்காரர் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போனால் இவர்கள் கடிகாரம் சுற்றுகிற பக்கமாகப் போக வேண்டும். "சோத்துக் கையால வெட்டச் சொல்லுங்க டீச்சர்" என்று அம்மாக்கள் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன்.

பென்சில் பிடிக்க வேண்டிய மூன்று விரல்களைத் தனியாகப் பழக்க எனக்குத் தெரிந்து மிக மலிவான வழி துண்டுச் சாக்பீஸ். நீளமான சாக்பீஸை முழுக் கையாலும் பிடிக்க முடியும். அரை விரல் நீளத் துண்டை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும், வேறு வழியே கிடையாது. கிரேயானையும் அப்படியே உடைத்துக் கொடுப்பேன். புதுக் கிரேயானை உடைக்கும்போது வகுப்பே அலறும். மோதிர விரலும் சுண்டு விரலும் சும்மா நீட்டிக்கொண்டு நிற்காமல் இருக்க, அவற்றுக்கு ஒரு சின்னக் காகித உருண்டையைப் பிடிக்கக் கொடுத்துவிட்டால் மற்ற மூன்றும் ஒழுங்காக வேலை செய்யும். எழுதுவது சுவரில். செயல்வழிக் கற்றல் என்ற திட்டம் இருந்த காலத்தில் வகுப்பறைச் சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை அடித்தார்கள். திட்டம் மாறிப் பெயர் மாறி எண்ணும் எழுத்தும் என்ற திட்டம், அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வந்துவிட்டன. ஆனால் அந்தக் கறுப்புப் பட்டையை நான் அழிக்க விடவில்லை. நிமிர்ந்த பலகையில் எழுதும்போது மணிக்கட்டு தானாகவே பின்பக்கம் மடங்கி நிற்கும், அதுதான் எழுதுவதற்கு வேண்டிய நிலை.

இதெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1939-இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய உருளைக் கட்டைகளின் தலையில் ஒரு குமிழ் இருக்கும், மூன்று விரலால் கிள்ளித்தான் தூக்க முடியும். பென்சில் தொடுவதற்கு முன்பே விரல் பென்சிலுக்குத் தயாராகிவிடும். அந்தக் கட்டைகள் விலை அதிகம், எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பல்லாங்குழி கட்டுப்படியாகும். குழியிலிருந்து புளியங்கொட்டையை மொத்தமாக அள்ளி, ஒவ்வொன்றாக உள்ளங்கையிலிருந்து விரல் நுனிக்கு நகர்த்தி விட வேண்டுமே, அந்த நகர்த்தல் சாதாரண வித்தை இல்லை. ஆரம்பத்தில் பிள்ளைகள் மறு கையால் எடுத்துப் போடுவார்கள். அதைத் தடுப்பதில்லை, தானாகவே போய்விடும்.

மணி கோப்பதற்கு நூலும் ஊசியும் வேண்டாம், தென்னை ஈர்க்கும் பவளமல்லியும் போதும். விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பிள்ளைகளே மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். காம்பு குழலாக இருக்கும், ஈர்க்கு நுழையும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் பூ கசங்கும். கரம்பையில் பலத்தைக் கூட்டப் பழகிய கை, இங்கே குறைக்கப் பழகும். குன்றிமணியும் ஆமணக்கு விதையும் மட்டும் வகுப்புக்குள் வரக் கூடாது, இரண்டும் விஷம். சின்னத் தம்பி தங்கச்சி இருக்கிற வீடாக இருந்தால் புளியங்கொட்டையையும் எண்ணித் திருப்பி வாங்கிவிடுவேன். மூக்குக்குள் போன கதைகள் ஊரில் நிறைய.

ஆடி மாதம் தேரிக்காட்டுக் காற்று அடிக்க ஆரம்பித்ததும் ஓலை வேலை. அதே ஆச்சியைத்தான் வரச் சொன்னேன். ஒரு கட்டுக் குருத்தோலையோடு வந்து உட்கார்ந்தார்கள். காற்றாடிக்கு இரண்டு ஓலைத் துண்டுகளை மடித்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருக வேண்டும். பிள்ளைகள் முதல் மடிப்பில் திணறிக்கொண்டிருக்க, ஆச்சி ஒவ்வொருவர் கையிலிருந்தும் பிடுங்கி, கண் மூடித் திறப்பதற்குள் எல்லாருக்கும் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். அத்தனையும் அழகு. "ஆச்சி, அவங்களே செய்யட்டுமே" என்றால், "இதுக விரலு படுத பாட்டப் பாக்க முடியல டீச்சர்" என்கிறார்கள். அது எனக்கும் முடியாததுதான். அதனால் அடுத்த முறை ஆச்சியிடம் பெட்டி முடைகிற அவர்களுடைய சொந்த வேலையைக் கையில் கொடுத்து நடுவில் உட்கார வைத்தேன். கை வேலையாக இருந்ததால் வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்கு முக்கால்வாசிக் காற்றாடி சுற்றவில்லை. சுற்றியதை வைத்துக்கொண்டு சுற்றாததைப் பிரித்துப் பார்த்தார்கள், மறுபடி மடித்தார்கள், மணி அடித்த பிறகும் வெளியே வரவில்லை.

காற்றாடிக்கு நடுவில் குத்துவதற்கு உடை மரத்து முள் வேண்டும், வெள்ளையாக நீளமாக இருக்குமே, அது. அதை மட்டும் நானே குத்தி, நுனியை ஒடித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். அதில் இவர்களை நம்புவதாக இல்லை.