உப்புக்காற்றில் ஒரு பழைய ஆல்டோ

இராமநாதபுரம் கடற்கரையில் காருக்கு வயது கீழிருந்து ஏறுகிறது. உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரைப் பக்கம் பழைய கார் வாங்க வருபவர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பதற்கு முன்பே குனிந்து அடித்தகட்டைப் பார்ப்பார். என்னிடம் இருப்பது 2008-இல் பதிவான மாருதி ஆல்டோ. அதைத் தள்ளிவிட்டுத் தவணையில் புதியது எடு என்று சொல்லாத உறவினர் இல்லை. புதிய காரும் இதே வாசலில் இதே காற்றில்தான் நிற்கப்போகிறது என்பதே அவர்களுக்கு என் பதில். இதன் 796 சிசி என்ஜின் பழைய மாருதி 800-இன் என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், டைமிங் பெல்ட்டோ கிளட்ச் பிளேட்டோ தேவைப்பட்டால் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. என்ஜினைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கிறது; வடகிழக்கிலிருந்து வரும் வாடை தொடங்கியதும் பாக் நீரிணைப் பக்கம் அலை எழுகிறது. இரண்டு கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மண்டபம் முனையிலும் பாம்பன் தீவிலும் உப்புத்துளி ஓய்ந்திருக்கும் பருவம் என்று ஒன்று கிடையாது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும் என்பதால், மழையே பெய்யாத மாதத்திலும் இரவெல்லாம் காரின் அடிப்பகுதி நனைந்தே இருக்கிறது. 1914 முதல் இந்தக் காற்றோடு போராடிய பழைய பாம்பன் இரயில் பாலத்துக்கு மாற்றாக 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் தனிவகைப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். நம் காருக்கு அந்த வசதி இல்லை, நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

அடிக்கடி கழுவினால் போதுமே என்பார்கள் வெளியூர் நண்பர்கள். எதைக் கொண்டு கழுவுவது? எங்கள் தெருவின் ஆழ்துளைக் கிணற்றில் வருவதே உவர்நீர். அதைப் பீய்ச்சி அடித்துக் காயவிட்டால், கடற்காற்று கொண்டு வராத மூலைகளிலும் நாமே உப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களாகிறோம். காவிரிக் கூட்டுக் குடிநீருக்காகக் குடங்கள் வரிசையில் காத்திருக்கும் ஊரில் அந்தத் தண்ணீரால் காரைக் கழுவ எனக்கு மனம் வருவதில்லை. ஆகவே மழைக்காலத்தில் தொட்டியில் சேரும் நீரை இதற்கென ஒதுக்கி வைத்து, தனுஷ்கோடிக்குப் போய்வந்த பிறகு சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் அடித்தகட்டையும் மட்டும் அலசுகிறேன். மேற்புறத்துக்கு ஈரத்துணி போதும். கதவுகளின் அடிவிளிம்பில் உள்ள சிறு வடிகால் துளைகளில் மணல் அடைத்துக்கொள்ளாமல் பார்ப்பது இதைவிட முக்கியம். அவை அடைபட்டால் கதவு உள்ளிருந்தே அரித்துப்போகும்.

பெருஞ்செலவு டிங்கரிங் எனப்படும் தகடு வேலையில்தான். துருவின் மேலே கருப்புக் கோட்டிங் அடித்துவிட்டால் தீராதா என்று நான் கேட்டதற்கு, பட்டறைக்காரரான காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்), “மூடிரும் தம்பி, ஆனா உள்ள தின்னுக்கிட்டே இருக்கும்” என்றார். துருவின் மேல் பூசிய ரப்பர் பூச்சு ஈரத்தை உள்ளே சிறைவைத்துவிடும் என்பதால் அவர் சொன்னது முழு உண்மை. பழைய கார் விற்பனையில் புதிதாகப் பளபளக்கும் அடிப்பூச்சைக் கண்டால் நான் சந்தேகப்படுவதும் இதனால்தான். சீட்டையும் கார்பெட்டையும் கழற்றி, ஓட்டுநர் காலடியில் அரித்திருந்த தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, ஜிங்க் பிரைமர் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகே கோட்டிங் அடிக்கச் சொன்னேன். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியின் உள்ளே மெழுகு கலந்த எண்ணெய்யைக் குழாய் விட்டுத் தெளித்தோம். அந்த இடத்துக்குக் கையும் போகாது, தூரிகையும் போகாது. அரிப்பு மட்டும் போகும்.

மேம்படுத்தல் என்றால் பலருக்கும் தொடுதிரை ஸ்டீரியோதான் நினைவுக்கு வருகிறது. சாயல்குடியிலிருந்து கீழக்கரை நோக்கி இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தவர்களுக்கு எது முதலில் தேவை என்று தெரியும்: இருபுறமும் சீமைக்கருவேலம், நடுவே திடீரென்று மாடு. பழைய வயரிங்கிலும் துருப்பிடித்த எர்த் இணைப்பிலும் மின்னழுத்தம் குறைந்து விளக்கு மங்கிப்போகிறது. பேட்டரியிலிருந்து நேராக, ரிலே என்னும் மின்விசைத் திறப்பான் வைத்துப் புது வயர் இழுத்ததும், அனுமதிக்கப்பட்ட 60/55 வாட் ஹாலஜன் பல்பே போதுமான வெளிச்சம் தந்தது. ஹாலஜனுக்காக வடிவமைத்த கண்ணாடியில் எல்இடி பல்பைச் செருகுபவர்கள், எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வதைத் தவிர அதிகம் சாதிப்பதில்லை. பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருவதால், பழைய எரிபொருள் குழாய்களை அதைத் தாங்கும் வகைக்கு மாற்றினேன். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜில் ஏற்படும் சிறு இழப்பை எந்தக் குழாயும் ஈடுசெய்யாது. ஹேண்ட் பிரேக் கேபிளும் பிரேக் குழாய்களும் இங்கே உப்பால் இறுகியும் அரித்தும் போவதால், அவற்றை மாற்றுவதில் நான் கணக்குப் பார்ப்பதில்லை.

காசு கொடுத்தாலும் ஏற்ற முடியாதவையும் உண்டு. 2019 முதல் புதிய கார்களில் கட்டாயமான, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் ஓட்டுநர் காற்றுப்பையும் என் ஆல்டோவில் இல்லை. பட்டறையில் அவற்றைப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. தினமும் குழந்தைகளோடு மதுரை நெடுஞ்சாலையில் விரைபவருக்கு இந்தக் காரை வைத்துக்கொள் என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்கு இது இராமநாதபுரம் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் வண்டி.

பதினைந்து ஆண்டு முடிந்ததும் 2023-இல் 5,000 ரூபாய் கட்டிப் பதிவை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தேன்; பசுமை வரி தனி. இருபது ஆண்டைக் கடந்த கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். 2028-இல் அதைக் கட்டுவேனா என்பதைச் சஸ்பென்ஷன் பொருந்தியிருக்கும் இடங்களின் தகடு முடிவு செய்யும். தரைத்தகட்டுக்கு ஒட்டுப்போடலாம். வண்டியின் எடையைச் சுமக்கும் அந்த இடங்கள் அரித்துவிட்டால் ஒட்டுப்போட்டு ஓட்டக்கூடாது என்பதில் காக்காவும் நானும் ஒரே கட்சி.