மறுநாள் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்?

தாமிரபரணிக் கரையில் பீடி சுற்றிப் பிழைக்கிற ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. ஊருக்கு ஒரே பள்ளிக்கூடம், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், நான் சொல்கிற காலத்தில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். 2022-இல், பெற்றோர்கள் பெரும்பான்மையாக இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். என் மகன் அப்போது நாலாம் வகுப்பு. பழைய கட்டடத்தை இடித்து, புதுக் கட்டடத்தில் பிள்ளைகள் உட்கார ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. பக்கத்து ஊர் அம்மாக்கள் சிலர் இதே வேலையில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதால்தான் எழுதுகிறேன்.

2021 டிசம்பர் 17-ஐ எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். திருநெல்வேலி நகரில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்துப் போனார்கள். அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு பெண் கூட பீடி சுற்றச் சொளவை (முறத்தை) மடியில் எடுத்து வைக்கவில்லை. அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களைப் பார்வையிட்டு, மோசமானவற்றை இடிக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டது. எங்கள் பள்ளிக்கும் வந்து பார்த்தார்கள். 'பழுது பார்க்கலாம்' என்று எழுதிக்கொண்டு போனார்கள். அப்படி எழுதியதே எங்களுக்குத் தெரியாது. தலைவரான பிறகு பழைய தாள்களைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது.

எங்கள் கட்டடம் இரண்டு அறையும் ஒரு வராந்தாவும். மேலே கான்கிரீட் மட்டப்பா. 2022 ஜூலையில் ஒரு நாள் இடைவேளை நேரத்தில், கிழக்கு அறையின் கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து பெஞ்சின் மேல் விழுந்தது. பிள்ளைகள் வெளியே இருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். என் இரண்டு கையாலும் தூக்க முடியாத கனம். அன்றைக்கே டீச்சர் அந்த அறையைப் பூட்டிவிட்டார். நாற்பத்து மூன்று பேரும் ஒரு அறையிலும் வராந்தாவிலும் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டோம். 'கட்டடம் பழுதடைந்துள்ளது, உடனே நடவடிக்கை எடுக்கவும்' என்று எழுதி அனுப்பினோம். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நேரில் போனபோதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. டீச்சர்மார் கல்வித் துறை. கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம், அதைப் பார்ப்பது ஊரக வளர்ச்சித் துறையின் பொறியாளர்கள். நாங்கள் கல்வி அலுவலகத்துக்கு மட்டும் தாள் அனுப்பிக்கொண்டிருந்தோம். கட்டடத்துக்குச் சொந்தக்காரருக்கு ஒரு தாளும் போகவில்லை.

ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கட்டட வேலைகளைப் பார்க்கிற ஓவர்சியர் ஒருவர் பொறுமையாகப் பேசினார். "அக்கா, நடவடிக்கை எடுங்கன்னா நாங்க எதை எடுத்துக்கிட? எந்த அறை, என்னைக்கு விழுந்துச்சு, எவ்வளவு பெரிசு, எத்தனை பிள்ளைய இருக்கு, அதை எழுதுங்க. ஒரே ஒரு காரியம் கேளுங்க. கட்டடம் தாங்குமா தாங்காதான்னு பொறியாளர் வந்து பாத்து எழுத்தா தரணும்னு கேளுங்க." அப்படியே மறுபடி தீர்மானம் போட்டோம். விழுந்த பாளத்தின் பக்கத்தில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து இணைத்தோம். மனுவை இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் குறை தீர்க்கும் நாளிலும் ஒரு மனு கொடுத்து எண் வாங்கினேன். ஒரு நாள் அலுவலகம் போனால் அன்றைக்கு ஐந்நூறு பீடி குறையும். இருந்தாலும் அந்த எண் கையில் இருந்ததால், அடுத்த முறை போகும்போது "எந்த மனு?" என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் உதவிப் பொறியாளர் வந்தார். சின்னச் சுத்தியலால் கூரையை இடம் இடமாகத் தட்டினார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது. கெட்ட இடத்தில் காலிப் பானையைத் தட்டின மாதிரி பொத்தென்று கேட்டது. பூட்டாத அறையிலும் பாதி இடம் பொத்தென்றுதான் கேட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அங்கேதான் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டேன். மட்டப்பாவில் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கும், கம்பி துருப் பிடிக்கும், துருப் பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கீழே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளிவிடும் என்று விளக்கினார். எங்கள் கட்டடத்தில் கம்பிக்குக் கீழே இருக்கவேண்டிய கான்கிரீட் கனமே இல்லை, போட்டபோதே கம்பி, கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கிற பலகையை ஒட்டிக் கிடந்திருக்கிறது என்றும் காட்டினார். பூசினால் போதுமா என்றேன். "பூசினது கம்பிய மறைக்கும், துருவ நிறுத்தாது" என்றார். அதை நான் மறக்கவே இல்லை.

கட்டடத்தை இடிக்கலாம் என்று சான்று வந்தது. இனி லேசு என்று நினைத்தேன். ஊருக்குள்ளேதான் எதிர்ப்பு கிளம்பியது. 2022 அக்டோபர் 2 கிராம சபையில் இதை எடுத்தோம். பள்ளிக்கு இடம் கொடுத்த குடும்பத்துப் பெரியவர் எழுந்து, "இடிச்சுப் போட்டுட்டு, பிள்ளைய கொறச்சல்னு பள்ளிக்கூடத்தையே பூட்டிட்டாவன்னா யாரு கேப்பா தாயி?" என்றார். அவர் கேட்டது நியாயம். பிள்ளைகளைப் பக்கத்து ஊருக்கு அனுப்பினால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள், தனியார் பள்ளி வேன் ஊருக்குள்ளே வந்து நிற்கும். ஆகையால் தீர்மானத்தில் இரண்டு வரி கூடச் சேர்த்தோம்: இதே இடத்தில் கட்ட வேண்டும்; கட்டி முடிக்கும் வரை பள்ளி ஊருக்குள்ளேயே நடக்க வேண்டும். அதைப் பதிவேட்டில் எழுதி, எழுதினதை உரக்க வாசிக்கச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டோம்.

சரி, ஊருக்குள்ளே எங்கே? கோயில் மண்டபம் பெரிசு, காற்றோட்டம், ஃபேன் உண்டு. பலரும் அதைத்தான் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் கீழத் தெரு அம்மா ஒருத்தி என் கையைப் பிடித்து, "எங்க பிள்ளைய படியேறலாமாக்கா? இன்னைக்குச் சரிம்பாவ. கோயில் கொடை வந்தா?" என்று கேட்டாள். கூட்டத்தில் அவள் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பிள்ளை தயங்கி ஏறுகிற படி பள்ளிக்கூடமாக இருக்க முடியாது. மறுவாரம் குழுவில், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான இடம் மட்டும்தான் என்று பிடிவாதமாகச் சொன்னேன். சிலருக்கு வருத்தம். கடைசியில் மகளிர் குழுக் கட்டடம் என்று முடிவானது. சின்ன இடம், வெக்கை, ஆனால் எல்லோருக்கும் பொது. மகளிர் குழுக் கூட்டத்தை அந்தப் பெண்கள் புளியமரத்தடிக்கு மாற்றிக்கொண்டார்கள்.

பணத்துக்கு என்னென்ன வழி என்று அலைந்து தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். ஒன்று, சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி. இன்னொன்று, நமக்கு நாமே திட்டம். அதில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும். மூன்றாவது, 2022-23 பட்ஜெட்டில் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், ஐந்து வருஷத்தில் 7,000 கோடி ரூபாய். 2023 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தில் 5,351 வகுப்பறைகள் கட்டச் சுமார் 784 கோடி என்று செய்தி வந்தபோது, நானும் டீச்சரும் வகுத்துப் பார்த்தோம். ஒரு அறைக்குப் பதினாலரை லட்சத்துக்கு மேல் வந்தது. எங்களுக்கு இரண்டு அறை. நமக்கு நாமே என்றால் ஊர் பத்து லட்சம் திரட்ட வேண்டும். பீடிக் கூலியில் அது நடக்கிற காரியமில்லை. பள்ளிக்கு அப்போது வந்த ஆண்டு மானியமோ, எங்களைப் போல முப்பதுக்கு மேல் நூறு வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாய்தான். சாக்பீஸ், பல்பு, குழாய் ரிப்பேருக்கே சரியாகப் போகும். ஆகவே அன்பழகன் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி மட்டுமே எழுதிக்கொண்டிருந்தோம். ஒரே கோரிக்கை, ஒரே வாசகம், ஒவ்வொரு மாதத் தீர்மானத்திலும். பட்டியலில் எங்கள் பள்ளி பெயர் வந்தது.

2023 மே விடுமுறையில் இடித்தார்கள். அதற்கு முன்னால் கதவு, சன்னல், கம்பிக்கு ஏலம் விட வேண்டும். முதல் ஏலத்துக்கு ஆள் வரவில்லை. இரண்டாவது ஏலத்தில் போனது.

நாங்கள் தவறவிட்ட ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். இடம் பார்த்தோம், பாய் பார்த்தோம், கரும்பலகை கொண்டுபோனோம். கழிப்பறையை யோசிக்கவில்லை. மகளிர் குழுக் கட்டடத்தில் கழிப்பறை கிடையாது. ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளைக்கு நீர்க்கடுப்பு வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. எதிர் வீட்டு மதினியும் இன்னொரு வீட்டாரும் தங்கள் கழிப்பறையைத் திறந்துவிட்டார்கள். ஒரு வருஷம் முழுக்க முகம் சுளிக்காமல் விட்டார்கள். இடம் மாற்றுகிறவர்கள் முதலில் கழிப்பறையையும் தண்ணீரையும் பாருங்கள்.

அஸ்திவாரம் போடும்போது பெரியவர்கள் வந்து 1992 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற மட்டத்தைக் காட்டினார்கள். தரைமட்டத்தை ஒன்றரை அடி உயர்த்தக் கேட்டோம். எஸ்டிமேட்டில் அதற்கு இடமில்லை என்றார்கள். நிரப்புகிற சரள் மண்ணை ஊர் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்த பிறகு பொறியாளர் ஒப்புக்கொண்டார். டிராக்டர் வைத்திருப்பவர்கள் கூலி வாங்காமல் ஓட்டினார்கள். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தையும் தூத்துக்குடியையும் மூழ்கடித்த மழை பெய்தது. ஆற்றுத் தண்ணீர் பள்ளி வளாகத்துக்குள்ளும் வந்தது. சுவர், கதவு சன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்துக்கு எழும்பியிருந்த நேரம். உள்தரைக்கு நாலு விரல் கீழே தண்ணீர் நின்றது. கொட்டகையில் இருந்த சிமெண்ட் மூட்டை எல்லாம் கல்லாகிப் போனது. வேலை ஒரு மாதம் நின்றது.

கூரைக்குக் கம்பி கட்டின அன்று நான் காலையிலேயே போய்விட்டேன். கம்பி பலகையை ஒட்டியே கிடந்தது. "கவர் பிளாக் எங்கே அண்ணாச்சி?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன். கம்பி பலகையைத் தொடாமல் இருக்க இடையில் வைக்கிற சின்னக் கட்டைதான் கவர் பிளாக். கான்கிரீட் போடும்போது கம்பியைத் தூக்கிவிட்டுக்கொள்வோம் என்றார் மேஸ்திரி. பழைய கூரையிலிருந்து விழுந்த பாளத்தின் படத்தைப் போனில் எடுத்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். ஆளனுப்பிக் கவர் பிளாக் வாங்கி வரச் சொன்னார். அது வந்து எல்லாக் கம்பிக்கும் வைத்த பிறகுதான் கான்கிரீட் கலக்கினார்கள். அதற்கப்புறம் பதினாலு நாள் மட்டப்பாவில் தண்ணீர் கட்டி நிறுத்தும் பொறுப்பை அம்மாக்கள் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டோம். வெயில் ஏற ஏறக் குடத்தோடு போவோம்.

2024 ஜூனில் பிள்ளைகள் புது அறைக்குள் போனார்கள். என் மகன் அதற்குள் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டான். மகளிர் குழுக் கட்டடத்தில் இருந்தே போய்விட்டான். திறப்பன்று என்னோடு வந்து, பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தான்.

ஆகஸ்டில் குழுவை மறுபடி அமைத்தார்கள். பள்ளியில் பிள்ளை இல்லாததால் நான் தலைவராக இருக்க முடியாது. என்னிடம் அன்றைக்குக் கையைப் பிடித்துக் கேட்ட கீழத் தெரு அம்மாதான் இப்போது தலைவர். தீர்மான நகல், முத்திரை போட்ட மனு, படங்கள், பொறியாளர் சான்று எல்லாம் இருந்த கோப்பை அவளிடம் கொடுத்தேன். கட்டடம் புதுசு, கழிப்பறை மட்டும் இன்னும் பழசு. அதன் பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடுகிறது. பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் முள் போட்டு அடைத்திருக்கிறோம். அளவு நாடாவோடு படம் எடுத்தாயிற்று. இந்த முறை இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் மனு போயிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முதல் தீர்மானம் அதுதான்.