தீவு நிலத்தைச் சராசரியால் அளக்கலாகாது

ஒரு தீவில் எங்கே வீடு கட்டலாம், எங்கே பயிரிடலாம், எந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும் என்பதை முடிவு செய்ய நிலப் பொருத்த மதிப்பீடு என்ற முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது. சரிவு, மண்வளம், வடிகால், சாலைத் தொலைவு, நிலத்தடி நீர் ஆகியவற்றைத் தனித்தனி வரைபடங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணும் எடையும் அளித்து, வரைபடங்களைக் கையாளும் கணினி முறையான புவியியல் தகவல் முறைமையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டினால், பச்சையிலிருந்து சிவப்பு வரை நிறம் தீட்டிய ஒரே வரைபடம் கிடைத்துவிடும். பெருநிலப்பரப்பில் இது பயனுள்ள முறைதான். அதை அப்படியே சிறு தீவுகளுக்குக் கொண்டுபோவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

காரணத்தை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். மேற்சொன்ன ஐந்து அளவுகோல்களுக்கும் சம எடை கொடுத்து, ஒவ்வொன்றையும் 1 முதல் 9 வரை மதிப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். ஓரிடம் நான்கில் 9 பெற்று, நிலத்தடி நீரில் மட்டும் 1 பெற்றால், அதன் சராசரி 7.4 ஆகிறது, வரைபடத்தில் அது பச்சையாகவே, அதாவது பொருத்தமான இடமாகவே தெரியும். குடிநீரைக் கெடுத்துவிடக்கூடிய ஓரிடத்துக்கு, நல்ல சாலையும் சமதளமும் ஈடு செய்துவிட்டதாகக் கணக்கு நம்மிடம் சொல்கிறது. பெருநிலத்தில் தண்ணீரை வேறோர் ஆற்றுப் படுகையிலிருந்து குழாய் வழியே கொண்டுவர முடியும் என்பதால் இத்தகைய ஈட்டுக்கு ஓரளவு பொருள் உண்டு. தீவில் அந்த வேறொரு படுகை இல்லை.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தாழ்ந்த பவளத் தீவுகளில் நிலத்தடியில் இருக்கும் நன்னீர், தன்னைவிட அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கிபன்–ஹெர்ஸ்பெர்க் விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நீர்மட்டம் 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். உண்மையில் பவளத் தீவுகளில் அந்த உயர்வு சில பத்து சென்டிமீட்டர்களே. ஆழத்தில் உள்ள பழைய சுண்ணாம்புப் பாறையின் பெருந்துளைகள் வழியே கடல்நீர் கலப்பதால் வில்லை இன்னும் மெலிந்துவிடுகிறது. ஓர் ஆழ்துளைக் கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால், அதன் அடியில் உவர்நீர் கூம்பு போல மேலெழுகிறது. ஆகவேதான் கிரிபட்டி நாட்டின் தாராவா தீவில் செங்குத்துக் கிணறுகளுக்குப் பதிலாக, நீர்மட்டத்தை ஒட்டிக் கிடையாகப் பதித்த குழாய்கள் மூலம் மெல்ல இறைக்கிறார்கள். அந்த வில்லையை நிரப்புவது மேலே விழும் மழை மட்டுமே. அப்படியானால், அதன்மேல் உள்ள நிலத்தில் கழிவுக்குழி தோண்டுவதா, கான்கிரீட் பரப்புவதா என்பவை எடைபோட்டுக் கூட்டும் கேள்விகள் அல்ல; முதலிலேயே விலக்கி வைக்க வேண்டியவை.

ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 1976இல் வெளியிட்ட நில மதிப்பீட்டுச் சட்டகம் இதற்கு இடம் தருகிறது. எந்தப் பயனுக்குப் பொருத்தம் என்று குறிப்பிடாமல் பொருத்தம் பற்றிப் பேசக்கூடாது என்றும், அந்தப் பயன் நீடித்து நிலைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் அது அன்றே வகுத்துவிட்டது. இரண்டாவது விதியைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்குப் பசிபிக் தீவு நாடான நவுரு சாட்சி. சுமார் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவின் பெரும்பகுதி பாஸ்பேட்டுக்காகத் தோண்டப்பட்டு, உட்பகுதி கூர்மையான சுண்ணாம்புத் தூண்களாக எஞ்சி நிற்கிறது.

தரவின் துல்லியமும் தீவில் வேறு பொருள் பெறுகிறது. 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்ட உயரத் தரவு உலகெங்கும் இலவசமாகக் கிடைப்பதால், அதையே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் உயரப் பிழை சில மீட்டர்கள் வரை போகும். மாலத்தீவின் நிலத்தில் பெரும்பகுதியோ கடல்மட்டத்துக்கு மேல் 2 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. பிழை நிலத்தின் உயரத்தையே விஞ்சும் இடத்தில் வெள்ள அபாய வரைபடம் வரைவது மக்களை ஆபத்தில் தள்ளும் செயல். லேசர் அளவீடோ நேரடி நில அளவையோ இல்லாமல் அத்தகைய தீவுகளில் கரையோர மண்டலங்களை வகுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எரிமலைத் தீவுகளில் சிக்கல் வேறு விதமானது. கரீபியன் தீவான மான்செராட்டில் சூஃப்ரியேர் எரிமலை 1995இல் வெடிக்கத் தொடங்கியபின், தலைநகர் பிளிமத் சாம்பலில் புதைந்தது. தீவின் தென்பாதி இன்றும் விலக்கப்பட்ட பகுதியாக உள்ளது. முன்பு அவ்வளவாக வளர்ச்சி பெறாத வடபகுதிதான் மக்களுக்குப் புகலிடமாயிற்று. இன்று குறைந்த மதிப்பெண் பெறும் நிலத்தையும் ஒரு மாற்றிடமாகக் காத்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் எந்த எடைப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

மதிப்பீட்டின் எல்லை கரையோடு முடிவதும் சரியன்று. சரிவில் காட்டை அழித்தால் வண்டல் கீழிறங்கிப் பவளப்பாறையை மூடும். பாறை நலிந்தால் அலையின் வேகம் கரையைத் தாக்கும். ஹவாய் மக்கள் மலையுச்சியிலிருந்து பவளப்பாறை வரை நீண்ட அஹுபுவாஅ என்ற நிலப்பிரிவுகளைப் பண்டே வகுத்திருந்தார்கள். மலையையும் கடலையும் ஒரே பொறுப்பில் வைத்த அந்தப் பிரிவு, இன்றைய பல நிர்வாக எல்லைகளைவிடத் தீவுக்கு ஏற்றது.

இறுதியாக, நிலம் யாருடையது என்ற அடுக்கு. பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அரசியலமைப்பு, அந்நாட்டு நிலம் முழுவதும் மரபுவழி உரிமையாளர்களுக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் உரியது என்று சொல்கிறது. தாராவாவிலும் நன்னீர் வில்லையின் மேலுள்ள காப்புநிலம் குடும்பங்களின் உடைமையாக இருப்பதால், அதை விலக்கி வைப்பதற்கு அரசு அவர்களோடு ஒப்பந்தம் செய்ய வேண்டியதாயிற்று. எனவே அளவுகோல்களின் எடையை நிபுணர்கள் தமக்குள் முடிவு செய்துவிட்டு, வண்ண வரைபடத்தோடு பிறகு ஊருக்குள் போவது தலைகீழான வரிசை. எந்த நிலத்தை விட்டுக்கொடுக்க முடியும், எதை எந்த இழப்பீட்டுக்கும் தர முடியாது என்பதை உரிமையுள்ள குடும்பங்களிடம் முதலில் கேட்டறிந்து, அதையும் விலக்கு வரைபடத்தில் குறித்த பிறகே எடைகளைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.